போர் நாவல்களில் செத்தவன் வீட்டுக்குப் போவது யார்?

அகழிக்கரை:

எங்கள் காட்பாடி வாசகர் வட்டத்தில் இந்த முறை ரெமார்க்கின் ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ நாவலை எடுத்துக்கொண்டோம். 1929இல் புத்தகமாக வந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாயாக இருந்தவர் எழுதியது. கூட்டத்தில் எல்லோரும் பதுங்குகுழி, எலி, விஷவாயு, கையெறி குண்டு என்றே பேசினார்கள். அந்தப் பக்கங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது வேறு இடம்.

கதை சொல்லும் பால், லீவில் ஊருக்கு வருகிறான். கூடப் படித்த கெம்மரிக் இறந்துவிட்டான். அவன் அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும். கெம்மரிக் இறந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில், காலை எடுத்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. பால் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அந்த அம்மா கேட்கிறாள்: எப்படிப் போனான்? குண்டு பட்டது, அப்பவே போய்விட்டான், வலியே தெரியாது என்கிறான். அவள் நம்பவில்லை. சத்தியம் பண்ணச் சொல்கிறாள். பொய்யாக இருந்தால் நீயும் திரும்பி வரமாட்டாய், சம்மதமா என்று கேட்கிறாள். அதற்கும் சத்தியம் பண்ணுகிறான். கடைசியில் அவனும் திரும்பி வருவதில்லை.

போரின் விலை என்ன என்பதை இந்தக் காட்சி சொல்கிற அளவுக்குச் சண்டைப் பக்கங்கள் சொல்லவில்லை என்பது என் கட்சி. எழுதுகிறவன் களத்தை விட்டு வெளியே வந்து, செத்தவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தானா இல்லையா? அதை வைத்துத்தான் ஒரு போர் நாவலை நான் எடைபோடுவேன். தமிழில் அப்படி உட்கார்ந்தவர்கள் யார்? சொல்லுங்கள்.


லாங்பஜார்:

அண்ணே, திண்ணையில் உட்கார்ந்து அழுவதை மட்டும் எழுதினால் அது போர்க் கதையா, சாவு வீடா? சண்டையில் ஒரு வெறி இருக்கிறது, ஒரு கிறுகிறுப்பு இருக்கிறது. அது இல்லை என்று எழுதுகிறவன் பொய் சொல்கிறான். ‘பொன்னியின் செல்வன்’ படித்த காலத்தில் நம்ம ஊர்ப்பக்கத்து வாணர்குலத்துப் பையன் வந்தியத்தேவன் என்று நான் திருவல்லம் வரைக்கும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த ஆசையும் மனுஷ ஆசைதானே? அந்த ஆசையில்தானே பையன்கள் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது போய் ஓடுகிறார்கள்?


ஓய்வு ஹவில்தார்:

வணக்கம். ஊர் கணியம்பாடி பக்கம். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன். நாவல் படிக்கிற பழக்கம் ஓய்வுக்கு அப்புறம் வந்ததுதான், அதனால் தப்பாகச் சொன்னால் டீச்சர் மாதிரி ஆட்கள் திருத்துங்கள்.

லாங்பஜார் தம்பி சொன்னதை நான் தள்ள மாட்டேன். எங்கள் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருத்தர் ராணுவம் என்பார்கள். முதலில் போனவன் வயிற்றுக்காகப் போனான், அடுத்தவன் அவன் லீவில் வந்து நின்ற தோரணையைப் பார்த்துப் போனான். மதராஸ் ரெஜிமெண்டில் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்று கத்தும்போது உடம்பில் மயிர் நிற்காதவன் கிடையாது. அதெல்லாம் நிஜம்.

ஆனால் நாவல்களிலும் சினிமாவிலும் எனக்குக் குறையாகப் படுவது ஒன்று உண்டு. அடிபட்டவனைத் தூக்குவது. கதையில் ஒருத்தன் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவான். நிஜத்தில் சமதரையில் ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நாலு பேர். மலையில் என்றால் மாற்றி மாற்றித் தூக்க இன்னும் ஆள் வேண்டும், அத்தனை பேரும் சண்டையிலிருந்து கழிந்தவர்கள். இறங்கும் வழியில் தூக்குகிறவன் சறுக்குவான். அடிபட்டவன் திட்டுவான், அப்புறம் தண்ணி கேட்பான். வயிற்றில் காயம் என்றால் தண்ணி தரக் கூடாது. இல்லை என்று சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். இதை ஒரு அத்தியாயம் முழுக்க எழுதின நாவல் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, ஒருத்தன் இறந்த பிறகு அவன் சாமானுக்கு ஒரு கமிட்டி உட்காரும். அட்ஜஸ்ட்மெண்ட் கமிட்டி என்று பேர். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒருத்தர் எழுதுவார். சீப்பு ஒன்று, சாமி படம் ஒன்று, கடிதக் கட்டு ஒன்று. எழுதுகிறவர் குரல் மாறாமல் எழுத வேண்டும்.

அகழிக்கரை கேட்ட பொய்க்கு வருகிறேன். ‘உடனே போயிட்டாரும்மா, கஷ்டப்படல.’ நானும் சொல்லியிருக்கிறேன். எங்களில் சொல்லாதவர் குறைவு.


தமிழ் டீச்சர், குடியாத்தம்:

ஹவில்தார் ஐயா, தூக்க முடியாத பாரத்தைப் பற்றிப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. 255, வன்பரணர் பாடியது. கணவன் செத்துக் கிடக்கிறான். அவள் சொல்கிறாள்:

‘ஐயோ எனின்யான் புலிஅஞ் சுவலே
அணைத்தனன் கொளினே அகன்மார்பு எடுக்கல்லேன்’

வாய்விட்டு ஐயோ என்று கத்தினால் புலி வந்துவிடும். அணைத்து எடுக்கலாம் என்றால் மார்பு அகலம், தூக்க முடியவில்லை. கடைசியில், என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நட, மலை நிழலுக்குப் போய்விடலாம் என்று பிணத்திடம் கெஞ்சுகிறாள். பாட்டுக்குத் துறை முதுபாலை, வழியில் கணவனை இழந்தவள் புலம்புவது. போர்க்களம் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை, வழியில் செத்தவன். ஆனால் செத்த உடம்பின் கனத்தை ஆறே வரிக்குள் இப்படி வைத்தவர் வேறு யார் என்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் எப்போதும் 278, 279 இரண்டையும்தான் நடத்துவோம். மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்ட கிழவி, ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் தாய். மறக்குடி மகளிர், வீரத்தாய், பத்து மதிப்பெண். ஆனால் 278ஐ நிதானமாகப் படியுங்கள். அந்தக் கிழவி கையில் வாளோடு களத்தில் பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறாள். ‘சிதைந்துவே றாகிய படுமகன் கிடக்கை’ என்கிறார் காக்கைபாடினியார் நச்செள்ளையார். மகன் துண்டு துண்டாகக் கிடக்கிறான். பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்ந்தாள் என்று பாட்டு முடிகிறது. அந்த மகிழ்ச்சிக்குப் புலவர் கேட்ட விலை, அவள் தன் கையால் எத்தனையோ பேர் பிள்ளைகளின் உடம்பைப் புரட்ட வேண்டியிருந்தது என்பது. அதை எழுதாமல் நேராக மகிழ்ச்சிக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

இன்னும் ஒன்று, 281. அரிசில் கிழார். அடிபட்டு வந்தவனுக்கு வீட்டில் நடக்கிற பண்டுவம். வீட்டில் இரவ மரத் தழையும் வேப்பந்தழையும் செருகு, யாழ் வாசி, கடுகைத் தூவு, மணி அடி, காஞ்சிப்பண் பாடு, நறும்புகை போடு, நெடுந்தகையின் புண்ணைக் காப்போம் வா என்று பெண் பெண்ணைக் கூப்பிடுகிறாள். சண்டை பற்றி ஒரு வரி கிடையாது. அகழிக்கரை கேட்ட திண்ணை இதுதானே?


லாங்பஜார்:

டீச்சர், பாட்டு சரி. நாவலுக்கு வாங்க.


தமிழ் டீச்சர், குடியாத்தம்:

அதட்டாதப்பா, வருகிறேன். அதற்கு முன்னால் ‘கலிங்கத்துப்பரணி’யையும் சொல்லிவிடுகிறேன். வெற்றியைப் பாட வந்த நூல், பேய்கள் பிணக்கூழ் சமைத்துச் சாப்பிடும் கூத்து. அதன் நடுவே ஒரு பெண் வந்து, என் கணவர் கிடந்த இடம் எங்கே என்று பேயிடமே விசாரிக்கிறாள். செயங்கொண்டார் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்துவிட்டு அவளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். நம் சரித்திர நாவல்காரர்கள் பரணியிலிருந்து யானையையும் தேரையும் எடுத்துக்கொண்டார்கள், இவளை விட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம்.


ஆரணிப் பட்டு:

நான் இந்தப் பக்கம் அதிகம் எழுதியதில்லை. ஹவில்தார் ஐயா பெட்டியைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன்.

என் தாத்தா 1971 போரில் இறந்தவர். ஆயாவுக்குத் தந்தி வந்தது, கொஞ்ச நாள் கழித்து ஒரு தகரப் பெட்டி வந்தது. உடம்பு வரவில்லை. கார்கில் போருக்கு முன்னால் பெரும்பாலும் அங்கேயே தகனம் பண்ணிவிடுவார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1999இல் கொடி போர்த்திய பெட்டிகள் ஊர் ஊராக வந்ததை டிவியில் பார்த்து ஆயா எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போது விவரம் புரியவில்லை. உடம்பைப் பார்க்காதவர் பல வருஷம் பொட்டை எடுக்காமல் இருந்தார், ஊர் பேசியது, அதையும் கேட்டுக்கொண்டார். பென்ஷனுக்கு ஒரு காகிதம் கேட்டார்கள், கொடுத்தால் இன்னொரு காகிதம் கேட்டார்கள். எந்த ஆபீஸ் என்று எழுதி என்ன ஆகப்போகிறது.

நாவல்களில் மனைவி என்றால் ரயில் நிலையத்தில் கையசைப்பாள், பிறகு தந்தியைப் பிரித்துக் கீழே விழுவாள். அத்தியாயம் முடிந்துவிடும். கீழே விழுந்தவள் எழுந்து அன்று இரவு பிள்ளைகளுக்கு என்ன பொங்கினாள் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா?


பாலாறு2:

ஆரணிப் பட்டு அவர்களே, நாவல் இல்லை, ஆனாலும் ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச்சைத் தேடிப் படியுங்கள். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் இருந்த பெண்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதியவர். அந்தப் புத்தகத்தில் ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் இருவரும் போரில் இருந்தவர்கள். கணவன் மனைவிக்கு முந்தின ராத்திரி முழுக்கப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறான், நான் சொல்லிக் கொடுத்த மாதிரி சொல்லு, அழாமல், பொம்பளைச் சங்கதி இல்லாமல் என்று. போர்க் கதை ஏன் இத்தனை நாள் ஒரே மாதிரி இருந்தது என்பதற்கு அந்த ஒரு வீடு போதும்.

சரி, நம்ம வேலூர்க் கோட்டைக்கு வருவோம். 1806 ஜூலை 10. தலைப்பாகை மாற்றம், நெற்றிக்குறி அழிப்பு, தாடி எடுக்கச் சொன்னது, எல்லாம் சேர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் விடியுமுன் எழுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த 69ஆம் ரெஜிமெண்ட் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பாரக்ஸிலேயே சுடப்பட்டார்கள், நூற்றுக்கும் மேல். கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தார். பிடிபட்ட சிப்பாய்களில் நூறு பேருக்கு மேல் ஒரு சுவர் ஓரம் நிறுத்திச் சுட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்த ப்ளாக்கிஸ்டன் என்ற அதிகாரி பிறகு தன் நினைவுக் குறிப்பில் எழுதினார்: அந்தக் கோரத்தைக் கிட்டத்தட்டப் பதற்றமில்லாமலே பார்க்க முடிந்தது, அது சரியான நியாயம்தான் என்று. ஆங்கிலக் கவிஞர் ஹென்றி நியூபோல்ட், கில்லெஸ்பி குதிரையில் பறந்து வந்ததை வைத்துப் பாட்டே கட்டினார்.

நம்ம பக்கம் என்ன செய்தோம்? மக்கான் சிக்னலில் நினைவுத்தூண், வருஷத்துக்கு ஒரு மாலை, முதல் சுதந்திர முழக்கம் என்று பேச்சு. இரண்டு பக்கமும் முழக்கம். சுவர் ஓரம் நின்றவனுக்குப் பெயர் உண்டா, ஊர் எது, அவன் பெண்டாட்டி கோட்டை வாசலுக்கு வந்தாளா? தூக்கத்தில் செத்த அந்த வெள்ளைக்காரப் பையனும் யாரோ ஏழை வீட்டுப் பிள்ளைதான், கம்பெனி பங்குதாரன் இல்லை. நாவலுக்கு வேலை இங்கேதான் இருக்கிறது. ஆவணம் நின்றுவிட்ட இடத்தில்.


லாங்பஜார்:

வெள்ளைக்காரன் சிப்பாய்க்கும் அழணுமா? இதுதான் எனக்குப் புரியவில்லை. வந்தது அவன்.


அகழிக்கரை:

அழச் சொல்லவில்லை தம்பி. ரெமார்க் நாவலில் இதற்கும் ஒரு இடம் இருக்கிறது. குண்டுக் குழிக்குள் பால் ஒளிந்திருக்கும்போது ஒரு பிரெஞ்சுக்காரன் மேலே வந்து விழுகிறான். யோசிக்காமல் குத்திவிடுகிறான். அவன் சாக மணிக்கணக்காகிறது. வெளியே போக முடியாது, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தண்ணீர் கொடுக்கிறான், கட்டுப் போடுகிறான். இறந்த பிறகு பையில் பார்த்தால் மனைவி, குழந்தை படம். பெயர் டுவால், அச்சுத் தொழிலாளி. உன் வீட்டுக்கு எழுதுவேன், பணம் அனுப்புவேன் என்று பிணத்துக்கு வாக்குக் கொடுக்கிறான்.

பலரும் இந்த இடத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். அடுத்த பக்கத்தைப் பாருங்கள். தன் ஆட்களிடம் திரும்பி வந்ததும், போர் என்றால் போர்தானே என்று ஆறிப்போகிறான். அங்கே ஒருத்தன் குறிபார்த்துச் சுட்டு எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருக்கிறான். வாக்கு காற்றில் போயிற்று. எதிரிக்காக ஒரு சாயங்காலம் அழுத மனசு மறுநாள் காலையில் எப்படிப் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது என்று எழுதினதுதான் நேர்மை. விலை கொடுத்தவர்களில் பாலும் ஒருத்தன், அந்த ஆறிப்போனதுதான் அவன் கொடுத்தது. நீ கேட்ட கேள்விக்கு இதைவிட எனக்குப் பதில் தெரியவில்லை.


மொணவூர் முகாம்:

எல்லாத்தையும் வாசித்தேன். நல்லாத்தான் பேசுகிறீர்கள். ஆனால் தொடக்கத்திலிருந்து சிப்பாய், சிப்பாய் வீடு, சிப்பாயின் அம்மா. துவக்கு எடுக்காத ஆட்கள் எங்கே?

நான் பிறந்தது இங்கே இலங்கை அகதிகள் முகாமில்தான். அம்மா சின்னப் பிள்ளையாக மன்னாரிலிருந்து படகில் வந்தவர். எங்கள் வீட்டில் போர் என்றால் பங்கர், தறப்பாள், மூட்டையில் எதை எடுப்பது எதை விடுவது என்ற சண்டை. தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ படித்திருக்கிறீர்களா? சயந்தனின் ‘ஆதிரை’? ஆதிரையில் சனம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு இடத்தில் கொட்டில் போடும், கிணறு வெட்டும், பயிர் வைக்கும், திரும்பவும் ஓடும். குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ போராளிகளின் பயிற்சி முகாமுக்குள் நடக்கிற கதை, அதில்கூடப் பையன்கள் பேச்செல்லாம் வீடுதான், அக்காதான். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வில் இயக்கத்துக்குள் நடந்த கொடுமையையும் சேர்த்து எழுதியிருக்கிறார். எங்கள் ஆட்களுக்கே பிடிக்காத பக்கங்கள் அவை. பிடிக்காததை எழுதினதால்தான் நான் நம்புகிறேன்.

தமிழில் யார் எழுதினார்கள் என்று கேட்டு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பாட்டுக்குப் போய்விட்டீர்கள். இந்த நூற்றாண்டில் எழுதினவை மேசைமேலேயே இருக்கின்றன.


நெறியாளர்:

இலங்கை அரசியலை இங்கே ஆரம்பிக்க வேண்டாம், நாவல்களைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.


தமிழ் டீச்சர், குடியாத்தம்:

மொணவூர், சரியான அடி. நீங்கள் சொன்னதில் ‘ஆதிரை’ மட்டும் படித்திருக்கிறேன். அது நீளம் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நீளம் இல்லாவிட்டால் நாலாவது முறை வீட்டை விட்டு ஓடும்போது முதல் முறை கட்டிய வீடு வாசகனுக்கு மறந்து போயிருக்காது. மறக்க வேண்டும். அவர்களுக்கே மறந்துவிடுகிறதே.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யையும் இதில் சேர்ப்பீர்களா? 1972இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் சுமத்ராவின் மேடானுக்குள் நுழைவதில் ஆரம்பித்து இந்திய தேசிய ராணுவம் வரைக்கும் போகிறது. போர் நாவல் என்றுதான் பெயர். ஆனால் கதாநாயகன் பாண்டியனுக்குள் ஓடிக்கொண்டிருப்பது மதுரைத் தெருக்கள். எனக்கு என்னவோ அவன் வீட்டைத் தொலைத்தவன் கதையாகத்தான் படுகிறது.


லாங்பஜார்:

சிங்காரம் எனக்குப் பிடிக்கும். அதில் சாகசமும் இருக்கிறது, டீச்சர் அதை மறைக்கக் கூடாது. நடுக்கடலில் தோணி புயலில் மாட்டுகிற பகுதியை மூச்சு விடாமல் படித்தேன். சாகசம் இருந்தால் விலை தெரியாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பாண்டியன் சாகும்போது எனக்கு வலித்ததே அத்தனை நேரம் அவன்கூட ஓடினதால்தான்.


அகழிக்கரை:

இதை ஒப்புக்கொள்கிறேன். முழுசாக இல்லை, முக்கால்வாசி.


தக்கோலத்தான்:

எங்கள் ஊரைச் சொல்லாமல் வட ஆர்க்காட்டுப் போர்ப் பேச்சா? 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடி கொல்லப்பட்டான். ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்று பட்டம். சரித்திர நாவல்களுக்கு இது போதும், யானை, அம்பு, முடிந்தது. ஆனால் திருவொற்றியூர்க் கல்வெட்டு ஒன்றில் இன்னொரு ஆள் வருகிறார், சதுரானன பண்டிதர். இராசாதித்தனுக்கு நெருக்கமானவர், படைத்தலைவர். அந்தச் சமயம் பார்த்துக் களத்தில் இல்லை. கூடவே சாகவில்லையே என்ற வெட்கத்தில் கங்கைக்குப் போய், துறவியாகி, திருவொற்றியூர் மடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பிழைத்தவனின் வேதனை கல்லில் இருக்கிறது. அவரை வைத்து யாராவது நாவல் எழுதினால் முன்பணம் கொடுத்து வாங்குவேன்.

செங்கம் பக்கத்து நடுகற்களையும் பாருங்கள். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன் பெயர், யாருடைய ஆள், எந்த மன்னன் ஆட்சியாண்டு, அவ்வளவுதான். எடுத்தனூரில் நாய்க்கும் இடம் உண்டு. கோவிவன் என்று பெயர், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாம். கல்லில் நாய் இருக்கிறது, மனைவி இல்லை.


ஓய்வு ஹவில்தார்:

நாயை எழுதினவன் கூட இருந்த சிப்பாயாகத்தான் இருப்பான். எங்கள் யூனிட்டிலும் அப்படித்தான், நாய்க்கு என்ன ஆச்சு என்று கேட்டு லீவில் இருந்து கடிதம் வரும்.

டீச்சரம்மா, 281ஆம் பாட்டைப் பேத்தி செல்போனில் எடுத்துக் கொடுத்தாள். வேப்பிலை, புகை, கடுகு. புண் இருக்கிற வீட்டில் இன்னமும் எங்கள் ஊரில் வேப்பிலை செருகுகிறார்கள். அதில் ஒன்று கவனித்தேன். புண் ஆறியதா இல்லையா என்று பாட்டில் இல்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறார். வார்டில் ராத்திரி வேலை பார்க்கிறவனுக்கு அது தெரியாது, காலையில் ஷிப்ட் மாறிவிடும்.

மொணவூர் பிள்ளை சொன்னதும் நியாயம். எங்கள் ஸ்ட்ரெச்சரில் சிவிலியனும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கமிட்டி உட்காராது, சாமானுக்கு லிஸ்ட் கிடையாது.


ஆரணிப் பட்டு:

ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆயாவின் பெட்டியோடு வந்த லிஸ்ட் எங்கள் வீட்டில் இருக்கிறது. கைக்கடிகாரம், போர்வை, பவுண்டன் பேனா எல்லாம் இருக்கிறது, பூட்ஸ் இல்லை. தாத்தா ஒவ்வொரு லீவிலும் பூட்ஸைத் திண்ணையில் வைத்துப் பாலிஷ் போடுவாராம், அதனால் யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று ஆயா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ரெமார்க் நாவலில் கெம்மரிக்கின் பூட்ஸ் முல்லருக்குப் போய், அவன் செத்ததும் பாலுக்கு வருகிறது என்று படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.


ஓய்வு ஹவில்தார்:

யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்மா. சொந்தச் சாமான் மட்டும்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். பூட்ஸ், யூனிபார்ம், பெல்ட் எல்லாம் சர்க்கார் கொடுத்தது, கணக்கில் கழித்து ஸ்டோருக்குத் திரும்பப் போகும். போர்வை வந்தது என்றால் அது அவர் காசில் வாங்கினதாக இருக்கும். அந்த லிஸ்டில் கீழே கையெழுத்துப் போட்டவர் பெயர், யூனிட் இருந்தால் பத்திரமாக வையுங்கள். ரெக்கார்ட் ஆபீஸில் விசாரிக்க உதவும்.


அகழிக்கரை:

அடுத்த கூட்டத்துக்கு ‘ஊழிக்காலம்’ என்று முடிவு பண்ணியிருக்கிறோம். கையில் ஒரே பிரதி இருக்கிறது, மொணவூர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். லாங்பஜார், நீங்களும் வர வேண்டும்.


லாங்பஜார்:

வருகிறேன். ஆனால் அதுக்கு அடுத்த மாசம் சிங்காரம், இப்பவே சொல்லிட்டேன்.